பட்டை நமக்கு, கட்டை அதுக்கு

லுக்குட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. லோபாக்கில் மாடி வைத்த கடை. மண் ஏற்றும் லாரிகள். எஸ்டேட் கோயிலுக்கு மழை ஒழுகாத மண்டபம். பிள்ளைகள் மூவருக்கும் பட்டம். கடைசியாக, யாருமே நம்பாத ஓர் அகில் தோட்டம். இவ்வளவையும் கட்டியவன் மலாய் நாட்டு ரப்பர் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பட்டறைக்குக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் என்னை உட்காரச் சொல்லவில்லை. மண்டபத்துக்கு சிமெண்டு வந்து இறங்கிய அன்று கமிட்டிக்காரர்கள் எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நானும் என் மனைவியும்தான் மூட்டை தூக்கினோம். முதல் லாரி வாங்கிய வருஷம் பாலம் உடைந்து ரோட்டையே மூடிவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தடை வந்தது, ஒவ்வொன்றையும் தாண்டினேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் வீடு தேடி வருகிறவர்கள் பட்டறையைப் பற்றிக் கேட்பதில்லை, மண்டபத்தைப் பற்றிக் கேட்பதில்லை. அகில் தோட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அதிலும் என்னைக் கேட்பதில்லை. "அந்த மண்டோரம்மா எப்படிங்க இருப்பாங்க?" என்கிறார்கள். சரி, சொல்கிறேன். நானே என் கையால் எழுதுகிறேன். ஒற்றுப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்; விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. புருஷனே "மண்டோரு, சோறு ஆச்சா?" என்றுதான் கேட்பாராம். பால் வெட்டும் ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலைக்குப் பெண்பிள்ளை வருவது அந்தக் காலத்தில் அபூர்வம். அவர் வந்தார். பத்துப் பேர் எதிர்த்தார்கள், பதினோராவது ஆள் வாயைத் திறப்பதற்குள் வேலையில் நின்றுவிட்டார்.

பெரிய உடம்பு. சேலைக்கு மேலே புருஷனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் ஒரு குறடு. குறடு எதற்கு என்று பிறகு சொல்கிறேன். வலது கைக் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களைவிடத் தட்டையாக இருக்கும். எந்த மரத்தின் பக்கம் போனாலும் அந்த விரலைப் பட்டையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டு மரமாக இருந்தாலும் சரி, கோயில் வேம்பாக இருந்தாலும் சரி. மனிதர்களை நலம் விசாரிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் பட்டைக்குள் இருக்கிறது. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழம் போய் உள்ளே இருக்கிற கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி, பட்டை திரும்ப வளரும்போது முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. இதற்குத்தான் எஸ்டேட்டில் காயம் என்று பெயர். காயம் போட்டால் மண்டோர் திட்டுவார், கணக்கு எழுதுகிற கிராணி சம்பளத்தில் பிடிப்பார். எல்லா எஸ்டேட்டிலும் அதுதான் நடைமுறை. ஆனால் மண்டோரம்மாவுக்கு அது நடைமுறை இல்லை, மதம்.

"பட்டை நமக்கு, கட்டை அதுக்கு" என்பார். நாளுக்கு நாலு தடவையாவது சொல்வார். அடுத்து, "என் கத்தி இதுவரைக்கும் கட்டையப் பாத்ததில்ல லா" என்பார். கேட்கிறவன் கேட்காதவன் எல்லாரிடமும் சொல்வார். பெருமை பேசுவதில் எனக்கு ஈடாக ஒரு ஆளைப் பார்த்தேன் என்றால் அது அவர்தான்.

மரத்தின் மேல் இரக்கம் உள்ளவர், ரொம்ப மென்மையான மனுஷி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்குக் கீழே பால் வெட்டினாள். கைப்பழக்கம் இல்லாத பெண். ஒரு மரத்தில் காயம் விழுந்துவிட்டது. மண்டோரம்மா வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. "உள்ளங்கைய அது மேல வைய்யி. எல்லாரும் பால எட போட்டுட்டுப் போற வரைக்கும் எடுக்காத" என்றார். என் மனைவி கொசுக்கடியில் கையை எடுக்காமல் நின்றாள். மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தபடியே ஸ்டோருக்குப் போனார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வோம்: "மரத்துக்கு அம்மா, மனுஷிக்கு எமன்."

மரத்திடமும் அவருக்குக் கொஞ்சல் கிடையாது. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நின்ற பலா, வீட்டுக் கூரை மேல் சாய்ந்தபோது தாமே கோடாலி எடுத்து அடியோடு சாய்த்தார். காய் பிடித்திருந்த மரம். பக்கத்து வீட்டுக்காரி, "ஐயோ, பாவம்க்கா" என்றாள். "கொல்லணும்னா கொன்னுப் போடு. காயம் போட்டு உயிரோட விட்டுட்டுப் போவாத. அதான் பாவம்" என்றார்.

இப்போது குறடு. மரத்தில் ஆணி கண்டால் பிடுங்குவதற்கு. தேர்தல் வந்துவிட்டால் அவருக்கு ஓய்வில்லை. லுக்குட்டில் என் பட்டறைக்கு எதிரே ஒரு பெரிய மழைமரம். கட்சிக்காரப் பையன் ஒருவன் அதில் தலைவர் படத்தை ஆணி வைத்து அடித்துக்கொண்டிருந்தான். சாமான் வாங்க வந்த மண்டோரம்மா பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, என்னா பண்ற?"

"படம் மாட்டுறேன் பாட்டி. மேலிடத்து உத்தரவு."

"ஆணி உள்ள போவுதா?"

"நல்லா போவுது."

"அப்ப ஒங்க தலைவரு நெத்தியில அடிச்சு அவரையே கொண்டாந்து நிறுத்து. மரத்த விடு."

பட்டறையில் வெல்டிங் நெருப்பை அணைத்துவிட்டு என் ஆட்கள் சிரித்தார்கள். பையன் கயிறு கேட்டு என்னிடம் வந்தான். கயிறு கொடுத்தது நான். அந்தக் கட்சி ஜெயித்தது. எனக்கு ஒரு நன்றிகூட வரவில்லை.

எஸ்டேட் விற்றுப்போய், பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை வைத்தபோது மண்டோரம்மாவுக்கு வேலை போனது. அழுதாரா என்று கேட்பார்கள். அழவில்லை. "நல்லவேள, ஒரேடியா கொன்னாங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் ஓரத்தில், ஓடைப் பக்கம் சரிவாக இருந்த நிலம் விலைக்கு வந்தது. செம்பனைக்கு லாயக்கில்லை என்று யாரும் வாங்கவில்லை. நான் வாங்கினேன். சரிவின் அடியில், ஓடைக்கு மேலே, காட்டு மரம் ஒன்று தானாக வளர்ந்து நின்றது. மலாய்க்காரர்கள் காராஸ் என்பார்கள். அந்த மரத்துக்குள்ளே சில இடங்களில் கட்டை கறுத்து, பிசின் ஊறி, மணம் பிடித்துக்கொள்ளும். அதைக் கஹாரு என்பார்கள். நம் ஆட்கள் அகில் என்பது அதைத்தான். அரபு நாட்டுக்காரர்கள் அந்தக் கறுப்புக் கட்டையைப் புகைப்பதற்குத் தங்கம் மாதிரி விலை கொடுப்பார்கள் என்று சிரம்பானில் அத்தர் கடை வைத்திருந்த பாய் சொன்னார். தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம், வார்த்தை சுத்தமான மனிதர். அவர்தான் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அந்த ஒரு மரத்தின் விதையைப் பொறுக்கிக் கன்று போட்டுச் சரிவு முழுக்க நட்டுவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். நாற்றங்கால் தெரிந்த கை வேண்டும். மண்டோரம்மாவிடம் போனேன்.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்து அன்று அடுப்பு மூட்டவில்லை. கடையில் வாங்கிச் சாப்பிட்டோம்.

கன்று வளர்ப்பதில் மண்டோரம்மாவைக் குறை சொல்ல முடியாது. மரத்தின் அடியில் விதை விழுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அந்த விதை சீக்கிரம் உயிர் போய்விடும். விழுந்த கையோடு மண்ணில் போட வேண்டும். பெரிய மரத்துக்குப் 'பெரியவ' என்று பெயர் வைத்தார். கன்றுகளைப் 'பெரியவ புள்ளைங்க' என்பார். சரிவில் அவை ஆள் உயரம் தாண்டி, தொடை மொத்தம் ஆகும் வரைக்கும் எங்களுக்குள் சண்டை இல்லை.

சண்டை, பாய் ஒரு நாள் தோட்டம் பார்க்க வந்து விளக்கியபோது தொடங்கியது. அகில் மரம் சும்மா வளர்ந்தால் உள்ளே வெறும் வெள்ளைக் கட்டைதான். அதற்குக் காயம் பட வேண்டும். காயத்தில் பூஞ்சைக்காளான் பிடிக்க வேண்டும். மரம் அதோடு போராடிப் பிசினை ஊற்றும்போதுதான் கட்டை கறுக்கும். காட்டில் அது கிளை முறிந்தோ, இடி விழுந்தோ நடக்கும். தோட்டத்தில் நாம் துளை போட்டு, காளான் பிடிக்க வைக்கிற மருந்து விட வேண்டும்.

மண்டோரம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "தவுக்கே" என்றார். கோபம் வந்தால் நான் தம்பி இல்லை, தவுக்கே, முதலாளி. "காலம் பூரா காயம் போடாம வெட்டுனவகிட்ட வந்து, மரத்துக்கு மரம் காயம் போடுன்னு சொல்றீங்களா?"

"நீங்க போட வேணாம் மண்டோரம்மா. என் மருமவன் சுங்கை காடுட் பெக்டரியிலேருந்து டிரில் கொண்டாந்து போட்டுருவான்."

"போட்டுட்டு?"

"அப்பறம் மரம் அப்படியே நிக்கும். வருஷக்கணக்கா."

"காயத்தோடயா? உயிரோடயா?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து துளை போட்டான், மருந்து விட்டான். மண்டோரம்மா அந்த நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறக்கவில்லை. அதில் நான் ஏமாந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை என்றால் கை வேலை செய்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வருஷம் பாய் சொன்னபடி ஒரு மரத்தை வெட்டிப் பிளந்தோம். வெள்ளை. இன்னொன்று. வெள்ளை. துளை போட்ட இடத்தைத் தேடினால் துளையே இல்லை. சிறு தழும்பு மட்டும், குழந்தைக்கு அம்மை குத்திய மாதிரி. மண்டோரம்மா பின்னால் வந்து நின்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

"நல்லா ஆறியிருக்குல்ல?"

"என்னா பண்ணுனீங்க?"

"அவன் போன கையோட உப்புத்தண்ணி ஊத்திக் கழுவி, மஞ்சளயும் களிமண்ணையும் கொழச்சு அடச்சேன். ஒண்ணு பாக்கி இல்லாம எல்லாத்துக்கும். மூட்டு வலியோட பண்ணுனேன் தம்பி."

மருந்து கழுவிப்போய், மஞ்சள் காளானைக் கொன்றுவிட்டது. ஒரு வருஷத்து வேலை போயே போய்விட்டது. பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த ஆளைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையைச் செய்திருக்க முடியாது. மருமகன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அன்றே அனுப்பியிருக்க வேண்டும். வேறு முதலாளியாக இருந்தால் அனுப்பியிருப்பான். நான் பேசி முடித்தேன். சரிவில் பாதி மரங்களுக்குத் துளை போடுவது, அந்தப் பக்கம் அவர் போகக் கூடாது. மறு பாதி எப்போதும் போல. பெரியவளைத் தொடவே கூடாது. கடைசி நிபந்தனை அவருடையது. ஒப்புக்கொண்டது நான். அந்த மரத்தை நின்ற நிலையிலேயே விலை பேச ஆட்கள் வந்தார்கள். எல்லாரையும் திருப்பி அனுப்பியதும் நான். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை கட்டை கறுத்தது. கையில் வைத்து உரசினால் கோயில் தணலில் சாம்பிராணி போட்ட மாதிரி ஒரு வாசம். சீவி எடுத்து மூட்டை கட்டினோம். உடனே ஏற்றிவிடலாம் என்றேன். பாய் சிரித்தார்.

"அப்படியெல்லாம் ஒரு சிராய்கூடக் கப்பல்ல ஏறாது தம்பி. ஒலகத்து நாடுங்கள்லாம் ஒண்ணா ஒக்காந்து ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. அழிஞ்சுபோற மிருகம், பறவை, மரம், செடி எல்லாம் அதுல இருக்கு. புலி இருக்கு, ஆமை இருக்கு, ஒங்க அகிலும் இருக்கு."

"புலி இருக்கிற பட்டியல்லயா?" எனக்குப் பெருமையாக இருந்தது.

"அதே பட்டியல், வேற பக்கம். புலிய விக்கவே கூடாது. அகில கேட்டுக்கிட்டு விக்கலாம். காட்டுல வெட்டுனதா, நட்டு வளத்ததான்னு இங்க அதிகாரி பாத்துப் பெர்மிட் குடுக்கணும். போய் எறங்குற ஊர்லயும் அந்தப் பெர்மிட்டப் பாப்பாங்க. இல்லன்னா அங்கேயே புடிச்சு வச்சிருவாங்க."

மண்டோரம்மா கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, "அப்ப மரத்துக்கும் ஊரு ஊரா மண்டோரு இருக்காங்கன்னு சொல்லுங்க" என்றார்.

பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டோம். அதிகாரி வருவதற்குச் சில மாதம் முன்னால் தோட்டத்தில் திருடர்கள் புகுந்தார்கள். எங்கள் வரிசைகளை அவர்கள் தொடவில்லை. பெரியவளிடம் போயிருக்கிறார்கள். காட்டு மரத்துக்குள் முற்றிய கறுப்புக் கட்டை இருக்கும், அதற்குத்தான் விலை. உள்ளே கறுப்பு இருக்கிறதா என்று அடியில் சில இடத்திலும், மேலே பழைய கிளை ஒன்று முறிந்திருந்த இடத்திலும் கோடாலியால் கொத்திப் பார்த்துவிட்டு, இல்லை என்று போய்விட்டார்கள். கறுப்பு இருந்திருந்தால் மரம் இருந்திருக்காது. காலையில் மண்டோரம்மா பார்த்தார். எனக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் ஏணியைச் சாய்த்து ஏறி எல்லாக் காயத்துக்கும் மஞ்சளும் களிமண்ணும் பூசி, மேலே சாக்கு கட்டிவிட்டார். போலீசுக்கு நான் போனேன். அவர்கள் வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். மரம் ஆறத் தொடங்கியது. பட்டை, காயத்தின் ஓரத்திலிருந்து உதடு மாதிரி உருண்டு மூடிக்கொண்டு வந்தது.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண். சின்ன வயது, பூட்ஸ் காலோடு சரிவு முழுக்க ஏறி இறங்கினார். மரங்களை எண்ணினார், மூட்டைகளைத் திறந்து மோந்து பார்த்தார், மருமகனை டிரில்லோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஓடைப் பக்கம் இறங்கினார். பெரியவளைப் பார்த்து நின்றார். களிமண் பூச்சு. சாக்குக் கட்டு.

"இதற்குள்ளே என்ன?" என்று மலாயில் கேட்டார்.

நான் திருடர் கதையைச் சொன்னேன். மண்டோரம்மா எஸ்டேட் மலாயில் குறுக்கே புகுந்து பூச்சுக் கதையைச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் காட்டு மரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டை மூடி வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் மூட்டைகள் இருக்கின்றன. இங்கிருந்து எடுத்த கட்டை அந்த மூட்டையில் கலக்கவில்லை என்று நான் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது? நான் போடுகிற கையெழுத்தைத்தான் வேறு நாட்டுத் துறைமுகத்தில் நம்புகிறார்கள்."

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டு வழி சொன்னார். காயத்தை இப்போதே திறந்து காட்ட வேண்டும். உள்ளே கறுப்பின் தடமே இல்லை என்றால் எடுக்கவும் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடலாம். இல்லையென்றால் மூட்டைகளுக்கு முத்திரை வைத்துவிட்டு மேலிடத்திலிருந்து குழு வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாயிடம் கேட்டிருந்தவர்கள் வேறு நாட்டில் வாங்கிவிடுவார்கள். என் பிள்ளைகள், படித்தவர்கள், அப்போதே "போதும்ப்பா, இதையெல்லாம் சாய்ச்சிட்டு மேட்டு மண்ண வெட்டி வித்துடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புல்டோசர் வந்தால் சரிவும் போகும், பெரியவளும் போவாள். இதை நான் மண்டோரம்மாவிடம் தமிழில் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன்.

மருமகன் உளியை எடுத்தான். "தொடாத!" என்று ஒரு சத்தம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த குரங்குகள்கூட ஓடின. "தாக் போலே, புவான்" என்றார் மண்டோரம்மா அதிகாரியிடம்; முடியாது அம்மா என்று அர்த்தம். "யாரும் கைய வைக்கக் கூடாது. நானே தொறக்கறேன்."

கொட்டகைக்குப் போய் அவருடைய பழைய பால்வெட்டுக் கத்தியை எடுத்து வந்தார். வேலை விட்டு எத்தனை வருஷம் ஆகியும் அதில் துரு இல்லை. அடியில் இருந்த காயங்களில் களிமண்ணை மட்டும் நீரூற்றிக் கரைத்துக் காட்டினார், வெள்ளை. அதிகாரி தலையசைத்துவிட்டு மேலே கையைக் காட்டினார். கிளை முறிந்த இடம். கறுப்பு ஊறினால் அங்கேதான் ஊறும். அங்கே பட்டை பாதிக்கு மேல் மூடியிருந்தது.

ஏணி மூங்கில் ஏணி. சரிவு மண், ராத்திரி மழையில் ஊறியிருந்தது. மண்டோரம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, உடம்பு கனம். மருமகன் பிடிக்க வந்தான். "நீ டிரில் புடிச்ச கை. தம்பி புடிக்கட்டும்" என்றார். நான் பிடித்தேன். கால்களை மண்ணில் ஊன்றி, நெஞ்சை ஏணிப்படியில் அழுத்திப் பிடித்தேன்.

மேலே போய்க் கட்டைவிரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை, எனக்குச் சொன்னதும் இல்லை. பிறகு உருண்டு வந்த பட்டை உதட்டைச் சீவினார். சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. கீழேயிருந்து அதிகாரி கேட்டார்: "என்ன நிறம்?"

"வெள்ள."

"மன்னிக்க வேண்டும் அம்மா. மேலாகத் தெரிவது போதாது. கட்டைக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்."

கத்தி நின்றது.   மண்டோரம்மா குனிந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் மனைவியைக் கொசுக்கடியில் நிறுத்திய முகம் இல்லை அது.

"தம்பி, இது வரைக்கும் பட்ட. இனிமே கட்ட."

ஏணியை நெஞ்சோடு இன்னும் இறுக்கினேன்.  "வெட்டுங்க மண்டோரம்மா, நான் புடிச்சிருக்கேன்" என்றேன்.

வெட்டினார். ஒரே இழுப்பு. ஒரு துண்டு என் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை. அதிகாரி எடுத்துத் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டார். "போதும்" என்றார்.

மண்டோரம்மா இறங்கி வந்தார். மஞ்சளையும் களிமண்ணையும் குழைத்துக்கொண்டு திரும்ப ஏறினார். நான் திரும்பப் பிடித்தேன். அவர் பூசி முடித்து இறங்கும் வரைக்கும் அந்த அதிகாரிப் பெண் வெயிலில் நின்று காத்திருந்தார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நல்ல பிள்ளை.

பெர்மிட் வந்தது. மூட்டைகள் கப்பல் ஏறின. பாய் எனக்கு ஒரு சின்னக் குப்பியில் அத்தர் கொடுத்தார். அகில் தோட்டம் நின்றது, பெரியவளும் நின்றாள், என் பிள்ளைகள் மண் விற்கிற பேச்சை விட்டார்கள்.

மண்டோரம்மா அதற்குப் பிறகும் கன்று போட்டார், ஆணி பிடுங்கினார், என்னோடு சண்டை பிடித்தார். "பட்டை நமக்கு, கட்டை அதுக்கு" என்றும் சொன்னார். ஆனால் அதை அடுத்து வழக்கமாக வருமே, "என் கத்தி கட்டையப் பாத்ததில்ல" என்று, அதை அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை. யாராவது பழைய ஆட்கள் அவருக்காக அதைச் சொன்னால், "சும்மா இருங்க லா" என்பார். பிறகு மகளோடு போய் இருந்தார். அங்கேயே காலமானார். என் மனைவி சாவுக்கு வந்தாள். வந்து, அந்தத் தட்டைக் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

இப்போது எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்து வருகிற இளைஞர் சங்கத்துக்காரர்கள் பெரியவளின் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை வைக்கப்போகிறார்கள். வாசகத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'வாழ்நாளில் ஒரு மரத்தையும் காயப்படுத்தாத மண்டோரம்மா காப்பாற்றிய மரம்' என்று இருக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு.

அவர் ஒரு காயம் போட்டார். இந்த மரத்தில், முறிந்த கிளைக்குப் பக்கத்தில், கட்டை வரைக்கும் போட்டார். அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் அவர் செய்ததை நீங்கள் எழுதவே இல்லை. தம்பிகளே, அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு காயம் போட்டார், தெரிந்தே போட்டார் என்று எழுதுங்கள். எழுதிவிட்டு அதன் கீழே, அவர் ஏறிய ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்றும் எழுதுங்கள். இரண்டு தடவை பிடித்தேன். பட்டறைக்கும் லாரிக்கும் மண்டபத்துக்கும் எனக்குப் பலகை வேண்டாம். இதற்கு வேண்டும். முழுப் பெயரும் போட வேண்டும், இனிஷியலை விட்டுவிடாதீர்கள்.